சிடி வேஷம் போடும் மோடம்: பழைய லினக்சும் டேட்டா கார்டும் பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

ஒரு நாவலையோ சினிமாவையோ விமர்சிப்பது போல ஒரு கருவியை விமர்சிக்க முடியுமா? முடியும்னுதான் நினைக்கிறேன். இது யாருக்காகச் செய்யப்பட்டது, செய்தவர் மனசில் இருந்த பயனாளர் யார், எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்ற கேள்விகளை ஒரு கதையிடம் கேட்கிற மாதிரியே ஒரு மோடத்திடமும் கேட்கலாம்.

இந்தக் குறிப்பில் எடுத்துக்கொண்டிருப்பது யூஎஸ்பி டேட்டா கார்டு. நாம டாங்கிள்னு சொல்வோமே, அதேதான். சிம் போட்டுக் கணினியில் சொருகினால் இணையம் வரவேண்டிய ஒரு சின்னக் குச்சி. அதைப் பழைய லினக்ஸ் கணினியில் வேலை செய்ய வைக்க உருவான மென்பொருள்களையும் வழிகாட்டிக் கட்டுரைகளையும் சேர்த்தே பார்க்கிறேன். காரணம், இது வெறும் பழங்கதை இல்லை. 2011-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் கைக்கு வந்த கணினிகள் பலவற்றில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. அதே காலத்தில்தான் வீட்டுக்கு லேண்ட்லைன் இல்லாதவர்கள் இணையத்துக்கு டேட்டா கார்டை நம்பியிருந்தார்கள். கையில் லினக்ஸ் இருக்கு, சிம்மில் பேலன்ஸ் இருக்கு, ஆனா இணையம் வரலை. நடுவில் என்னதான் நின்றது?

முதல் அங்கம்: சிடி வேஷம்

டாங்கிளைச் சொருகியதும் விண்டோசில் நடப்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு சிடி டிரைவ் தோன்றும், நிறுவல் சாளரம் தானே திறக்கும், நாலு முறை அடுத்து, அடுத்து அழுத்தினால் முடிந்தது. லினக்சிலும் சிடி டிரைவ் தோன்றும். உள்ளே விண்டோசுக்கான நிறுவல் கோப்பு இருக்கும். அதோடு சரி. மோடத்தைக் காணோம்.

காரணம் இதுதான். அந்தக் குச்சிக்கு இரண்டு அடையாளம். மின்சாரம் கிடைத்தவுடன் முதலில் 'நான் ஒரு சிடி டிரைவ்' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். அதற்குள் இருக்கும் டிரைவரை விண்டோஸ் நிறுவும். நிறுவப்பட்ட டிரைவர் குச்சிக்கு ஒரு ரகசியச் செய்தி அனுப்பும். உடனே குச்சி தன்னைத் துண்டித்துக்கொண்டு, வேறு அடையாள எண்ணோடு, இந்த முறை மோடமாகத் திரும்பி வரும். இந்த ஏற்பாட்டுக்கு ஜீரோசிடி என்று பெயர். உதாரணமாக, அன்று பரவலாக இருந்த ஒரு வகைக் குச்சி 12டி1:1446 என்ற எண்ணோடு உள்ளே வந்து, மாறியபின் 12டி1:1001 ஆகிவிடும். முன்பாதி தயாரிப்பாளரின் எண், பின்பாதி பொருளின் எண்.

இந்த வடிவமைப்புக்கு நியாயம் இருக்கு, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். நெட்புக் காலத்தில் கணினிகளிலிருந்து சிடி டிரைவே காணாமல் போய்க்கொண்டிருந்தது. பெட்டியோடு வரும் சிடி எப்படியும் தொலையும். டிரைவரை மோடத்துக்குள்ளேயே வைத்துக் கொடுப்பது உண்மையிலேயே நல்ல யோசனை. எந்த ஊர் பிரவுசிங் சென்டர் கணினியிலும் சொருகிய மாத்திரத்தில் வேலை செய்யும்.

என் விமர்சனம் யோசனை மேல் இல்லை, அதன் மௌனத்தின் மேல். யூஎஸ்பி விதிமுறைப்படி ஒரே கருவி ஒரே சமயத்தில் சிடியாகவும் மோடமாகவும் தெரியலாம். பல குச்சிகள் மாறிய பிறகு அப்படித்தான் இரண்டையும் காட்டுகின்றன. அப்புறம் ஏன் முதலில் மோடத்தை ஒளித்துவைக்க வேண்டும்? டிரைவர் இல்லாத நிலையில் விண்டோஸ் 'புதிய வன்பொருள்' என்று கேள்வி கேட்டுப் பயனாளரைக் கலவரப்படுத்தக் கூடாது என்பதற்காக. சரி, ஒளிக்கட்டும். வெளியே வரச்சொல்லும் மந்திரத்தையாவது பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஒரு வரி அச்சிட்டிருக்கலாமே? வடிவமைத்தவர் மனசில் இருந்தது ஒரே ஒரு பயனாளர்தான். மற்றவர்களுக்குக் கதவு பூட்டியிருந்தது மட்டுமில்லை, கதவு இருக்கும் இடத்தில் சுவர் வரைந்திருந்தது. பிழைச்செய்தி வந்தால் தேடிப்பார்க்கலாம். இங்கே பிழையே இல்லையே! லினக்சைப் பொறுத்தவரை ஒரு சிடி வந்தது, அது நன்றாக வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

இது முதல் முறை இல்லை

டயல்-அப் காலத்திலும் இதே கதை நடந்தது. 'வின்மோடம்' என்று ஒரு வகை. மோடத்துக்குள் இருக்கவேண்டிய சிக்னல் கணக்குகளைச் செய்யும் பாகத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, அந்த வேலையை விண்டோசில் ஓடும் மென்பொருளிடம் தள்ளிவிட்டார்கள். கார்டு மலிவானது. விண்டோஸ் இல்லாதவர் கையில் அது வெறும் தகடு. லினக்சில் அதற்கென்று டிரைவர்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. அதில் ஒரு வகைச் சிப்புக்கு லினக்சன்ட் நிறுவனம் கொடுத்த இலவச டிரைவர் 14.4 கிலோபிட் வேகத்தோடு நின்றுவிடும். முழு 56 கிலோபிட் வேண்டுமென்றால் காசு கட்டி உரிமம் வாங்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு பழக்கம் தெரிகிறது பாருங்க. தயாரிப்பில் மிச்சமான செலவு எங்கேயும் மறைந்து போகவில்லை. சந்தையில் சிறுபான்மையாக இருப்பவரின் மாலை நேரங்களுக்கு அது இடம் மாறியது.

31 பைட்

அந்த மாலை நேரங்களின் தொகுப்புதான் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற மென்பொருள். ஜோசுவா டீட்சே எழுதியது. இதை நான் ஒரு அகராதியைப் படிப்பது போலப் படிக்கிறேன். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பதிவு: முதல் எண், மாறியபின் வரும் எண், அனுப்பவேண்டிய செய்தி. அந்தச் செய்திகளைத் தயாரிப்பாளர்கள் கொடுத்ததை நம்பி இந்த அகராதி வளரவில்லை. விண்டோசில் குச்சியைச் சொருகி, யூஎஸ்பி வழியே என்ன போகிறது என்று ஒட்டுக்கேட்டு, பைட் பைட்டாகப் பிடித்து அனுப்பியவர்களால்தான் வளர்ந்தது.

பல பதிவுகளில் செய்தி 31 பைட் நீளம். 55 53 42 43 என்று தொடங்கும். எழுத்தாக மாற்றினால் 'யூஎஸ்பிசி' என்ற நாலு ஆங்கில எழுத்து. யூஎஸ்பி சேமிப்புக் கருவிகளோடு பேசும்போது எந்தக் கணினியும் பயன்படுத்தும் பொது உறைதான் அது. உறைக்குள் இருக்கும் கட்டளைதான் ரகசியம். சிரிப்பு என்னன்னா, பல மாடல்களில் அந்த ரகசியம் வேறொன்றுமில்லை, சிடியை 'வெளியே தள்ளு' என்கிற சாதாரணக் கட்டளை. லினக்சில் இஜெக்ட் என்று ஒரு சொல் தட்டினாலே சிடி வேஷம் கலைந்து மோடம் வந்து நிற்கும். இத்தனை மறைப்புக்குப் பின்னால் இருந்தது வெளித்தள்ளும் பொத்தான்!

இந்த மென்பொருளை மெச்சத்தான் வேண்டும். ஆனாலும் ஒரு குறை. தானாக இயங்கும் அதன் பகுதி டிசிஎல் என்ற மொழியில் எழுதப்பட்டது. இணையம் உள்ள கணினியில் இது ஒரு பொருட்டே இல்லை. இணையம் இல்லாத கணினிக்குப் பென் டிரைவில் பொதியைக் கொண்டுபோகிறவருக்கோ, அங்கே போனபிறகுதான் டிசிஎல் இல்லை, தரவுப் பொதி தனியாக வேணும், நூலகப் பதிப்பு ஒத்துவரவில்லை என்றெல்லாம் தெரியும். கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கயிறு வேணும், கயிறு கிணற்றுக்குள்ளே கிடக்கு. இணையத்தைக் கொண்டுவருவதற்கான மென்பொருளே இணையம் இருப்பதாக எண்ணிக்கொண்டு எழுதப்படுவது எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

இரண்டாம் அங்கம்: தொலைபேசி வேஷம்

மோடம் வந்துவிட்டது. இப்போ கர்னலில் 'ஆப்ஷன்' என்ற டிரைவர் அதைப் பிடிக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஏதோ விருப்பத்தேர்வு என்று நினைக்க வேண்டாம். ஆப்ஷன் என்ற நிறுவனத்தின் கார்டுகளுக்காக முதலில் எழுதப்பட்டதால் அந்தப் பெயர். பழைய கர்னலில் புதிய குச்சியின் எண் பட்டியலில் இருக்காது. அப்போ எண்ணை நாமே கொடுத்து டிரைவரை ஏற்ற வேண்டும். ஏறியதும் டிடிஒய்யூஎஸ்பி 0, 1, 2 என்று மூன்று நான்கு வாசல்கள் தோன்றும். எது இணையத்துக்கு, எது சிக்னல் நிலவரம் சொல்ல, எது பழுதுபார்க்க? எந்தப் பலகையும் இல்லை. பெரும்பாலும் 0 வேலை செய்யும், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அடுத்து டபிள்யூவி டயல். இதன் அமைப்புக் கோப்பில் ஒரு தொலைபேசி எண் எழுதச் சொல்வார்கள்: *99#. பயனர் பெயர், கடவுச்சொல் கேட்கும். 'எங்க கம்பெனி எனக்குப் பாஸ்வேர்டே கொடுக்கலியே' என்று தவித்தவர்கள் எத்தனை பேர்! பதில்: பெரும்பாலும் எதை எழுதினாலும் சரி. காலியாக விடாதீர்கள், டயல் மென்பொருள் ஒத்துக்கொள்ளாது.

ஏன் இப்படி என்று எந்த வழிகாட்டியும் அனேகமாகச் சொல்வதில்லை. விஷயம் இதுதான். *99# என்று அழைத்தால் எங்கேயும் மணி அடிக்காது. 1981-ல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் கொண்டுவந்த 'ஏடி' என்று தொடங்கும் கட்டளை மொழியைத்தான் 3ஜி குச்சியும் பேசுகிறது. கணினிகளுக்கு டயல் செய்யத் தெரியும், ஆகவே குச்சி தொலைபேசி போல நடிக்கிறது. டயல் ஆனதும் பிபிபி என்ற பழைய டயல்-அப் நெறிமுறையில் பேச்சு தொடங்கும். பொதுவாக அந்தப் பேச்சில் மறுமுனையில் இருப்பது சேவை நிறுவனத்தின் கணினி இல்லை, நம் கையில் இருக்கும் அதே குச்சிதான். கணினியிடமிருந்து டேட்டாவை வாங்கி, 3ஜி வலையில் வேறு விதமாக அனுப்புகிறது. அதனால்தான் கடவுச்சொல்லுக்குப் பல இடங்களில் மதிப்பில்லை. உண்மையில் மதிப்புள்ளது ஏபிஎன் என்ற ஒரு சொல். அது அமைப்புக் கோப்பில் புரியாத ஒரு நீளமான ஏடி கட்டளைக்குள் புதைந்து கிடக்கும்.

இதே கோப்பில் 'ஸ்டுபிட் மோட்' என்று ஒரு வரி வரும். அதை 1 என்று வைத்தால்தான் பல குச்சிகள் இணையும். இந்தப் பெயரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1990-களின் டயல்-அப் சேவைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பயனர் பெயர் கேட்கும். அதை ஊகித்துப் பதில் சொல்வதுதான் டபிள்யூவி டயலின் பெருமை, அதன் புத்திசாலித்தனம். ஊகிக்காமல் நேராகப் பிபிபியைத் தொடங்கச் சொன்னால் அதற்கு மண்டூகம் என்று பெயர் வைத்தார்கள். காலம் மாறியது. ஊகிக்க ஒன்றும் இல்லாத 3ஜி-யில் அந்த மண்டூக வழியே சரியான வழி. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. டெர்மினலை முதல்முறையாகத் திறந்திருக்கும் ஒரு கல்லூரி மாணவி அந்த வரியைப் பார்த்தால் அது மென்பொருளைச் சொல்கிறதா தன்னைச் சொல்கிறதா என்று யோசிக்க மாட்டாரா?

வழிகாட்டிகள் பற்றி

என் முக்கியமான குறை இங்கேதான். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஒரே அச்சு: இந்த ஒன்பது வரியை ஒட்டு, இந்தக் கட்டளையை அடி, இணையம் வரும். வந்தால் நன்றி. வரலைன்னா? படிப்பவர் எங்கே நிற்கிறார் என்று அவருக்கே தெரியாது. எழுதியவரின் குச்சிக்கும் கர்னலுக்கும் சரியாக இருந்த ஒரு தீர்வு, காரணம் சொல்லாமல் பிரதி எடுக்கப்பட்டுப் பிரதி எடுக்கப்பட்டு மந்திரமாகிவிட்டது.

இதற்கு எதிர்முனையில் டேவிட் லாயர் எழுதிய மோடம் ஹவ்டூ இருக்கு. மோடம் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கவே பக்கங்களை ஒதுக்கிய பழைய ஆவணம். மதிக்கத்தக்க உழைப்பு. ஆனா இன்னிக்கு ராத்திரிக்குள் விண்ணப்பம் அனுப்பவேண்டியவர் அதற்குள் போனால் வெளியே வர நாளாகும்.

நடுவில் ஒன்று வேண்டும். ஒரு நல்ல வழிகாட்டி என்பது கட்டளைப் பட்டியல் இல்லை, கேள்விப் பட்டியல் என்பேன். எந்தக் குச்சிக்கும் இந்த ஏழு கேள்விகள் பொருந்தும்:

1. கணினி அதைப் பார்க்கிறதா? எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் எண் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சொருகும் இடமோ மின்சாரமோ பிரச்சினை.
2. எண் மாறியதா? அதே எண்ணில் நின்றால் இன்னும் சிடி வேஷத்தில்தான் இருக்கு.
3. டிடிஒய்யூஎஸ்பி வாசல்கள் வந்தனவா? வரவில்லையென்றால் டிரைவருக்கு எண் தெரியவில்லை.
4. 'ஏடி' என்று தட்டினால் 'ஓகே' என்று பதில் வருகிறதா? இல்லையென்றால் வேறு வாசலைத் தட்டுங்கள்.
5. சிம் தயாரா, சிக்னல் உண்டா? ஏடி+சிஎஸ்க்யூ கேட்டால் 0 முதல் 31 வரை ஒரு எண் வரும். 99 வந்தால் அளக்க முடியவில்லை என்று பொருள்.
6. ஐபி முகவரி கிடைத்ததா? இல்லையென்றால் ஏபிஎன்னைப் பாருங்கள்.
7. எண்ணால் அழைத்தால் பதில் வருகிறது, பெயரால் அழைத்தால் வரவில்லையா? அப்போ இணையம் வந்துவிட்டது, டிஎன்எஸ் மட்டும்தான் பாக்கி.

இதில் எதுவும் புதுசு இல்லை. ஆனால் ஐந்தாவதில் நின்றவர் இரண்டாவதற்கான மந்திரத்தைத் தேடி அலையமாட்டார்.

இன்னொரு சிக்கலையும் இங்கே சேர்க்க வேண்டும். மோடம்மேனேஜர் என்ற பின்னணிச் சேவை, குச்சி வந்தவுடன் எல்லா வாசலையும் தட்டிப் பார்க்கும். அது பிடித்திருக்கும் வாசலை டபிள்யூவி டயல் கேட்டால் 'வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள்' என்று வரும். ஒரே சாவிக்கு இரண்டு பேர். நிறைய வழிகாட்டிகள் இரண்டையும் நிறுவச் சொல்கின்றன. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துங்கள் என்று சொல்வது அரிது.

அப்புறம் என்ன ஆனது?

பிரச்சினை தீர்ந்தது. ஆனால் தீர்ந்த விதம் கவனிக்க வேண்டியது. பிறகு வந்த குச்சிகளில் ஹைலிங்க் போன்றவை டயல் வேஷத்தை விட்டுவிட்டு நெட்வொர்க் கார்டு வேஷம் போட்டன. சொருகினால் கேபிள் சொருகியது போல ஐபி வந்துவிடும். அமைப்புகளைப் பார்க்க உலாவியில் 192.168.8.1 போனால் போதும். மொபைலில் யூஎஸ்பி டெதரிங் போட்டாலும் இதே போலத்தான். அதற்கான டிரைவர் பழைய 2.6 வரிசைக் கர்னல்களிலேயே இருக்கு. அதனால் இன்று யாராவது பழைய லினக்சில் இணையம் வேணும்னு கேட்டால் என் பதில் சுருக்கம்: முதலில் மொபைலைக் கேபிளில் இணைத்து டெதரிங் போடுங்க. அல்லது ரவுட்டரிலிருந்து ஈதர்நெட் கேபிள் போடுங்க. 3ஜி குச்சியோடு மல்லுக்கட்டும் முன், உங்கள் பகுதியில் 3ஜி இன்னும் இருக்கிறதா என்று பாருங்க. 2016-ல் வந்த ஜியோ 4ஜி மட்டுமே தந்தது. ஏர்டெல் தன் 3ஜி சேவையைப் படிப்படியாக மூடிவிட்டது. எல்லா ஏழு கேள்விகளையும் தாண்டி வந்தாலும் கோபுரம் பேசாவிட்டால் என்ன செய்ய?

இந்தத் தீர்வுக்கும் ஒரு விலை உண்டு. பழைய குச்சி எவ்வளவு நடித்தாலும் கடைசியில் நம் கட்டளைக்குப் பதில் சொன்னது. சிக்னல் கேட்டால் எண் சொன்னது. புதியது ஒரு தனிக் கணினி. பலவற்றின் உள்ளே ஒரு குட்டி லினக்ஸே ஓடுகிறது. லினக்சுக்கு வழி இல்லாமல் இருந்த கருவி, லினக்சையே உள்ளே வைத்துக்கொண்டு வெளியே இருக்கும் லினக்சுக்கு ஒரு மூடிய பெட்டியாகத் தெரிகிறது. உள்ளே ஓடுவதை யார் புதுப்பிப்பார்கள், எத்தனை ஆண்டுக்கு? நமக்கு அது சொல்லப்படுவதில்லை.

வெளியே இருக்கும் கணினியின் காலமும் சுருங்குகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32-பிட் கணினிகளுக்கான கர்னலும் நிறுவியும் இல்லை. பழைய பதிப்பிலேயே தங்கினால், அதன் பொதிகள் காப்பகத் தளத்துக்குப் போயிருக்கும், முகவரியை மாற்ற வேண்டும். பாதுகாப்பு நெறிமுறைகள் பழசாகிப் பல தளங்கள் திறக்கவே மறுக்கும். அதாவது இணையம் 'வந்த' பிறகும் வேலை முடிவதில்லை.

ஜீரோசிடி யோசனைக்கு என் மதிப்பெண் நல்லதே. அதைச் சொல்லாமல் மறைத்த வழக்கத்துக்கு எதுவும் தர முடியாது. அந்த மௌனத்தைப் பைட் பைட்டாக மொழிபெயர்த்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். நீங்கள் தமிழில் இது போன்ற வழிகாட்டி எழுதுபவராக இருந்தால் ஒரு வேண்டுகோள். கட்டளைக்கு மேலே ஒரு வரி, 'இது எதற்கு' என்று எழுதுங்கள். கீழே இன்னொரு வரி, 'வேலை செய்தால் என்ன தெரியும், செய்யாவிட்டால் என்ன தெரியும்' என்று. உங்கள் கர்னல் பதிப்பையும் எழுதிய தேதியையும் மறக்காமல் போடுங்கள். பத்து வருஷம் கழித்துப் பரணிலிருந்து ஒரு மடிக்கணினியை இறக்கும் யாரோ ஒருவருக்கு அந்த இரண்டு வரிதான் உதவும்.